செத்தவர் பேசக் கூடாது

இடது காதுக்குள் யாரோ பச்சரிசி மென்றுகொண்டிருந்தார்கள்.

சூர்யகலா காய் எடுப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். வாயை மூடாமல் மெல்லுகிற சத்தம் அது. எச்சிலில் ஊறிய அரிசி பல்லுக்கு நடுவில் நசுங்கி, நாக்கில் அப்பி, அண்ணத்தில் ஒட்டி, அங்கிருந்து வழிக்கப்பட்டு மறுபடியும் பல்லுக்கு வருகிற ஈரச் சத்தம். ஏலச்செடியின் தூரில் குத்தவைத்திருந்தவள் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்ற தட்டைகள், அவற்றின் இலைகளில் இருந்து சொட்டுகிற மழைத்தண்ணீர், அதற்கும் பின்னால் பஞ்சு அடைத்த மாதிரி மூடுபனி. வேறு யாரும் இல்லை.

"ஏ சந்திரா," என்று பக்கத்து வரிசைக்குக் குரல் கொடுத்தாள். "என்னத்தப் புள்ள திங்கிற?"

"ஒந்தலையத் திங்கிறேன்." செடிகளுக்கு அந்தப் பக்கம் இருந்து சந்திரவல்லி பதில் சொன்னாள். "மத்தியானக் கஞ்சிக்கு அப்பறம் கட்டஞ்சாயா கூட எறங்கல. கேக்குறா பாரு கேள்வி."

போடிமெட்டுக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட்டில் காய் எடுக்கிற பெண்கள் எல்லாரும் போனைத் தலைத்துணிக்குள்தான் செருகிக்கொள்வார்கள். இரண்டு கையும் செடியின் தூரில் சோலியாக இருக்கும். போனைப் பிடிக்கக் கை கிடையாது. துணியைக் காதோடு இறுக்கிக் கட்டிப் போனை உள்ளே தள்ளிவிட்டால் பேச்சு பாட்டுக்குப் பேச்சு, வேலை பாட்டுக்கு வேலை. சூர்யகலா மட்டும் இரண்டு போன் வைத்திருந்தாள். வலது காதில் டச் போன், இடது காதில் பட்டன் போன். பட்டன் போன் விசயம் அவளைத் தவிர ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். ஜீப் டிரைவர் பாண்டித்துரைக்கு. அவர் செத்து, காரியமும் முடிந்துவிட்டது.

அவர் போன அன்றைக்கு அணைந்த பட்டன் போனை அவள் அதற்குப் பிறகு சார்ஜில் போடவே இல்லை. காலையில் தலைத்துணி கட்டும்போது கைப்பழக்கத்தில் அதையும் எடுத்துச் செருகியிருக்கிறாள். இப்போது வெளியே இழுத்துப் பார்த்தாள். திரை கறுப்பாகக் கிடந்தது. பொத்தானை அழுத்தினாள். உயிர் இல்லை. ஆனால் போன் சூடாக இருந்தது. சத்தம் வருகிற ஓட்டைகளில் வெள்ளையாக, கஞ்சியின் அடிமண்டி மாதிரி ஏதோ பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள். மழைக்காலத்தில் அழுகல் நோய் விழுந்த ஏலக்காயைக் கையில் நசுக்கினால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. பாவாடையில் துடைத்தாள். துடைத்த இடத்திலும் அதே வாடை.

மென்ற சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. போன் கையில் இருந்தது.

அடைப்பாக இருக்கும், பனிக்காற்றில் காது அடைத்துக்கொள்வது புதுசா என்று சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் வலது காதில் மணி அடித்தது. காசிராஜன் அறை திறந்துவிட்டான்.

காசிராஜன் போடி பஸ்ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன். மத்தியானம் கஞ்சி குடித்து முடிகிற நேரம் பார்த்து போனில் ஊர்க்கூட்டம் என்கிற விளையாட்டுக்கு ஆள் சேர்ப்பான். மலையில் இருந்து சிலர், கீழே போடி, சிலமலையில் இருந்து சிலர். அறைக்குள் வருகிறவர்களில் ஒருவருக்கு மட்டும் போனில் நரி என்று விழும். மற்றவர்கள் ஊர்க்காரர்கள். ராத்திரி என்று போன் சொன்னதும் நரி ஒருவரைக் கடித்துக் கொல்லலாம். பகல் என்றதும் ஆளுக்கு ஒரு நிமிசம் பேச வேண்டும். பேசியதை வைத்து இவன்தான் நரி, இவள்தான் நரி என்று சந்தேகப்பட்டு, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே தள்ளுவார்கள். கடிபட்டவரும் தள்ளப்பட்டவரும் செத்தவர்கள். செத்தவர்களுக்கு நரி யார் என்று போன் காட்டிவிடும், ஆனால் அவர்கள் பேச்சு யாருக்கும் கேட்காமல் அடைபட்டுவிடும். செத்தவர் பேசக் கூடாது. அந்த விளையாட்டுக்கு உயிரே அந்த ஒரு விதிதான்.

அந்த விதியைத்தான் அவளும் பாண்டித்துரையும் மாதக்கணக்கில் மீறினார்கள். இருவரில் யார் செத்தாலும் பட்டன் போனில் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறவருக்கு நரி யார் என்று சொல்லிவிட வேண்டும். யாருக்காவது நரி விழுந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் பேச்சு. "ஒனக்கு மட்டும் எப்படிடி மூக்கு வேர்க்குது?" என்று சந்திரவல்லி கேட்பாள். இவள் சிரித்துக்கொள்வாள். பொழுது முழுக்க ஒரு முகத்தையும் பார்க்காமல் இடுப்பொடியக் குனிந்து கிடக்கிறவளுக்கு, அத்தனை பேரை முட்டாளாக்குகிற அந்தச் சிரிப்பு பலகாரம் மாதிரி இனித்தது. இப்போது நினைத்தால் வாயில் எச்சில் கசந்தது.

கையில் ஒட்டியிருந்த கறையைத் துடைத்துக்கொண்டு டச் போனை எடுத்து, உள்ளே வந்திருக்கிற பேர்களை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். கடைசிப் பேரில் விரல் நின்றது.

பா. ண். டி. த். து. ரை.

"யாரும் பதறிறாதீங்க," என்றான் காசிராஜன். "அனுசியா மதினிதான். அண்ணன் போன்ல வந்துருக்காக."

"வீட்டுல ஒத்தையில கெடந்தா கிறுக்குப் பிடிச்சிரும் போலருக்கு," என்றாள் பாண்டித்துரையின் பெண்சாதி அனுசியா, சிலமலையில் இருந்து. அழுது அழுது கட்டிப்போன தொண்டை. "நீங்க பேசுறதையாச்சும் கேட்டுக்கிட்டிருக்கேன். அவரு பேரை மாத்த மனசு வரல. இருக்கட்டும்."

"இருக்கட்டும் மதினி," என்றாள் சந்திரவல்லி. வலது காதில் போன் வழியாகவும், இலைகளுக்குப் பின்னால் இருந்து நேராகவும் அவள் குரல் இரண்டு முறை கேட்டது. "நீங்க வந்ததே எங்களுக்குத் தெம்பு."

இடது காதில் மெல்லுவது நின்றது.

விழுங்கிய சத்தம். பெரிய கவளத்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டை இடிக்குமே, அது. பிறகு மூச்சு. அந்த மூச்சின் வாடை கூட மூக்குக்கு வந்தது, அரிசியும் மண்ணும் பழைய ரத்தமும் சேர்ந்த வாடை.

"ஆத்தா," என்றது இடது காது. "நீதானா?"

அவள் டச் போனைப் பார்த்தாள். அப்போதுதான் திரை மாறியது. நரி என்று விழுந்தது.

கையில் இருந்த பட்டன் போனை அவள் சரிவில் வீசி எறிந்தாள். எங்கேயோ ஒரு தட்டையில் பட்டு, உருண்டு, பள்ளத்தில் விழுந்தது.

"ஆத்தா," என்றது இடது காது.

தலைத்துணியைத் தளர்த்திச் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தாள். விரலில் ஒரு அரிசி வந்தது. பாதி மென்ற அரிசி. மஞ்சள் பூசியது.

அது எந்த அரிசி என்று அவளுக்குத் தெரியும். சிலமலையில், பாண்டித்துரை வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே, பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போடும்போது அவளும் போட்டாள். உடன்பிறந்தவ மாதிரிதான பழகுன, போடு தாயி என்று யாரோ சொன்னார்கள். குனிந்து போட்டபோது அவர் வாய் அவள் விரலில் பட்டது. மற்றவர்கள் போட்ட அரிசி எல்லாம் உதட்டிலேயே நின்றது. அவள் போட்டது மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. ஒரு இழுப்பு இழுத்த மாதிரி. அன்றைக்கு அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"ராத்திரி வந்துவிட்டது," என்று வலது காதில் போனுக்குள் இருக்கிற பெண் குரல் சொன்னது. "நரி விழித்துக்கொள்ளட்டும்."

அவள் எந்தப் பேரையும் தொடவில்லை. மூடுபனி இன்னும் இறங்கி, நாலடி தள்ளி நின்ற செடிகூடத் தெரியாமல் போனது. பகல்தான், இன்னும் காய் எடை போடக்கூட நேரம் ஆகவில்லை, ஆனால் செடிக்குள் வெளிச்சம் அழுக்குத்தண்ணீர் மாதிரி மங்கிக் கிடந்தது. பக்கத்து வரிசையில் சந்திரவல்லி காய் கிள்ளுகிற சத்தம் டப், டப் என்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"பகல் வந்துவிட்டது. இரவில் யாரும் சாகவில்லை."

"நரிக்கு இன்னைக்கு வெரதம் போலருக்கு," என்றான் காசிராஜன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "மதினி, நீங்களே மொதல்ல பேசுங்க."



"எனக்கு வெளையாடத் தெரியாது. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கேட்டுட்டுப் போயிருவேன்." அனுசியா மூக்கை உறிஞ்சினாள். "ஜீப்பு விழுந்தவுடனே அவரு சாகலையாம். பொணம் அறுத்த டாக்டரு சொன்னாரு. நாழிக்கணக்குல உசுரு இருந்துருக்கு. வாய்க்குள்ள மண்ணும் பல்லுமா கெடந்து, அதோட பேசிருக்காரு. கையில ஒரு பட்டன் போனை நசுங்கின மேனிக்குப் பிடிச்சிருந்தாரு. விரலைப் பிரிக்க முடியல. அப்படி ஒரு போனு அவருட்ட இருந்ததே எனக்குத் தெரியாது. அந்த நேரம் நீங்கள்லாம் இதே வெளையாட்டுல இருந்திருக்கீங்க. உங்கள்ல யாருட்டயோதான் பேசிருக்காரு. சண்டைக்கு வரல தாயி. என்ன சொன்னாருன்னு மட்டும் சொன்னாப் போதும். நான் அதைக் கேக்காம சோறு திங்க மாட்டேன்."

வலது காதில் மழை விழுகிற சத்தம், யாருடைய வீட்டிலோ மிக்ஸி ஓடுகிற சத்தம். இடது காதில் மறுபடியும் மெல்ல ஆரம்பித்தது.

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெரியும்.

அன்றைக்கும் அவளுக்கு நரி விழுந்தது. பேச்சுப்படி பாண்டித்துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கள்ளத்தனத்தில் கூட்டாளியையும் ஏமாற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அவரையே கடித்தாள். மத்தியானம் எஸ்டேட்டில் சாமான் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மலை இறங்கிக்கொண்டிருந்தவர் பட்டன் போனில் கூப்பிட்டார். "என்னையவே கடிச்சுப்புட்டாங்க ஆத்தா, எந்தப் பயன்னு பாத்துச் சொல்றேன் இரு." திரையைப் பார்த்திருக்கிறார். "ஆத்தா, நீதானா?" என்று சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது.

பிறகு ரொம்ப நேரம் அந்த ஈரச் சத்தம். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு, "சொல்லு, ஆத்தா, யாருட்டயாச்சும் சொல்லு," என்று.

அவள் சொல்லவில்லை. பக்கத்து வரிசையில் சந்திரவல்லி இருந்தாள், ஒரு கூப்பாடு போட்டிருந்தால் போதும். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. கள்ளப்போன் வெளியே வந்துவிடுமே. ரோட்டில் வண்டி போய்க்கொண்டுதானே இருக்கும், எவனாவது பார்ப்பான் என்று நினைத்தாள். வலது காதில் அவளுடைய நிமிசம் வந்தது. குரல் நடுங்காமல் பேசினாள். வேறு ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்தாள். ஜெயித்தாள். கைதட்டினார்கள். அத்தனை நேரமும் இடது காதில் அவர் இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கியது அவள்தான்.

"நான் இல்ல மதினி, அண்ணன் மேல சத்தியமா," என்றான் காசிராஜன், அவனுடைய நிமிசத்தில்.

"நானும் இல்ல," என்றாள் சந்திரவல்லி. "அப்படி ஒரு நேரத்துல கேட்டவ எவளா இருந்தாலும் சொல்லிரு தாயி. மனுசி இப்படிச் சாப்பிடாமக் கெடந்தா என்ன ஆகுறது. யாரும் ஒன்னையக் கடிச்சுத் திங்கப் போறதில்ல." அவள் சொன்ன விதத்தில் யார் மேலும் கோபம் இல்லை.

"சூர்யாக்கா, நீங்க," என்றான் காசிராஜன். அறையைத் திறந்தவன் குரல் மட்டும் எப்போதும் அடைபடாது.

"சொல்லு," என்றது இடது காது. "பேரு ஒண்ணு பாக்கி இருக்குல்ல."

வாயைத் திறந்தாள். சொன்னால் முடிந்துவிடும் என்று தெரிந்தது. நான்தான் மதினி. இரண்டு சொல். அதோடு இந்த மெல்லுகிற சத்தம் நிற்கும். அனுசியா சோறு தின்பாள். பிறகு? பிறகு எஸ்டேட் லைன் வீடுகளில் எந்தப் பெண் அவளோடு வரிசை சேர்ந்து போவாள். செத்துக்கொண்டிருந்தவன் கதறக் கதற விளையாடியவள் என்று போடிக்கும் சிலமலைக்கும் தெரிந்த பிறகு எந்த ஜீப்பில் ஏறுவாள். சொற்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்து கொழகொழவென்று நின்றன.

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல மதினி," என்று தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பழகிய குரல் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. "அன்னைக்கு செடிக்குள்ள யாரோ ரகசியமா, அண்ணே அண்ணேன்னு போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. நான் யாரு பேரையும் சொல்லல. பாவம் எனக்கு எதுக்கு. ஆனா எனக்குப் பக்கத்து வரிசை அன்னைக்கும் சந்திராதான்."

டப், டப் என்ற சத்தம் நின்றது.

"ஏய் சூர்யா." இலைகளுக்குப் பின்னால் இருந்து. நேராக. சந்திரவல்லி தன் நிமிசத்தைப் பேசி முடித்துவிட்டாள். இனி போன் அவள் குரலை யாருக்கும் கொடுக்காது. "என்ன புள்ள சொல்ற? எனக்கு ஏதுடி இன்னொரு போனு?"

சூர்யகலா திரையிலேயே கண் வைத்திருந்தாள்.

"அவரு எழவுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானடி போனோம். என் தோள்லதான சாஞ்சு அழுத. இப்ப எல்லாரும் கேக்க இப்படிச் சொல்றியே. அந்த மனுசி நம்பிருமே."

"ஓட்டுப் போடுங்கள்," என்றது வலது காது.

திரையில் பேர்கள் வரிசையாக நின்றன. சூர்யகலா எழுத்துக் கற்றது போன வருசம்தான், இந்தப் பேர்களைப் படிக்கத்தான். கற்றுக் கொடுத்தவள் சந்திரவல்லி. மதியச் சோற்று நேரத்தில், ஈர மண்ணில் குச்சியால் தன் பேரையே எழுதிக் காட்டிக் கற்றுக் கொடுத்தாள். அதனால் மற்ற பேர்களைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அந்த ஒரு பேர் மட்டும் பார்த்தவுடன் தெரியும்.

விரல் அதன் மேல் போனது. அழுத்தியது.

"சூர்யா, இந்தப் பக்கம் ஒரு தடவ வந்து எம்மூஞ்சியப் பாத்து–"

"சந்திரவல்லி வெளியேற்றப்பட்டார்," என்றது போன். "அவர் ஊர்க்காரர். நரி இன்னும் உயிரோடு இருக்கிறது."

இலைகளுக்குப் பின்னால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுபோயிருந்தது. கத்தரித்த மாதிரி.

வலது காதில் யார் யாரோ பேசினார்கள். அனுசியா அழுதாள். காசிராஜன் ஏதோ கேட்டான். அறை மூடியது. அதற்குப் பிறகு இடது காதில் ஒரு குரல் வந்தது. மென்றுகொண்டே பேசும் குரல் அல்ல. உயிரோடு இருந்தபோது ஜீப்பின் முன்சீட்டில் இருந்து கூப்பிடுவாரே, அதே தெளிந்த குரல்.

"சரி ஆத்தா. ஒரு பேரு சொல்லிட்டல்ல. எனக்கு அது போதும். ஒம்பாக்கி தீந்துச்சு."

காது அடைப்பு விட்டுப்போனது. மழை கேட்டது. இலை கேட்டது. இரண்டு காதும் சுத்தமாகக் கேட்டன.

பக்கத்து வரிசையிலும் கேட்டது. டப். டப். டப்.

"சந்திரா," என்றாள்.

டப். டப்.

"கோவிச்சுக்காத புள்ள. நான் மதினிட்ட நேர்ல பேசிக்கிறேன். சந்திரா."

அவள் எழுந்தாள். முழங்கால் வலித்தது. இரண்டு கையாலும் தட்டைகளை விலக்கினாள். இலைத்தண்ணீர் முதுகில் கொட்டியது. விலக்கினாள். இன்னும் ஒரு செடி. விலக்கினாள்.

சந்திரவல்லி தூரின் முன்னால் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஓடியது. கிள்ளியது, கூடையில் போட்டது, கிள்ளியது. தாடையைச் சுற்றி உச்சந்தலை வரைக்கும் ஒரு வெள்ளைத் துணி இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. நீட்டியிருந்த கால்களின் பெருவிரல் இரண்டையும் சேர்த்து யாரோ நூல் கட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. அது சூர்யகலாவைப் பார்த்தது. கட்டிய துணிக்குள் தாடை ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், மறுபடி முயன்றது.

கை கிள்ளியது. கூடையில் போட்டது.

மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் யார் காலிலும் அட்டை ஏறும். சந்திரவல்லி காலிலும் ஏறியிருந்தது, முழங்கால் வரைக்கும், கறுகறுவென்று. அவை ஒவ்வொன்றாகப் பிடி விட்டன. சூடு இல்லாத தோலில் இருந்து கழன்று சேற்றில் விழுந்தன. விழுந்தவை தலையைத் தூக்கின. காற்றில் இப்படியும் அப்படியும் துழாவின. பிறகு எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, வளைந்து வளைந்து, சூர்யகலாவை நோக்கி வரத் தொடங்கின.